மோட்டார் சைக்கிளின் பிரேக்கு

மோட்டார் சைக்கிளை ஓட்டக் கற்பது எளிது. நிறுத்தக் கற்பதே அரிது. புதுச்சேரி நகரின் பழைய வீதிகள் நேர்கோடுகளாய் அமைந்து ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்வன. ஆதலின் சிறிது தூரத்திற்கொரு சந்திப்பு எதிர்ப்படும். இத்தகைய ஊரில் பிரேக்கின் இயல்பை அறிவது நம் அனைவர்க்கும் இன்றியமையாதது.

பிரேக்கு யாது செய்கின்றது? ஓடும் வண்டியின் இயக்க சக்தியை உராய்வினால் உஷ்ணமாக மாற்றுகின்றது. வேகம் இரட்டித்தால் இச்சக்தி நான்கு மடங்காகும். உலர்ந்த நல்ல சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்குப் பிடித்தபின் ஏறத்தாழ 6 மீட்டரில் நிற்குமாயின், 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 23 மீட்டருக்கு மேல் வேண்டும். அபாயத்தைக் கண்டு கை செயற்படுமுன் ஒரு விநாடி கழிந்தால், அதற்குள் வண்டி மேலும் 17 மீட்டர் ஓடிவிடும்.

முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடுவோம் என்றஞ்சிப் பின் பிரேக்கையே நம்புவோர் பலர். இது பெரும் பிழையாகும். வேகம் தணியுங்கால் பாரம் முன்சக்கரத்தின்மீது சாய்கின்றது. பின்சக்கரமோ இலேசாகி எளிதில் வழுக்குகின்றது. ஆகவே வண்டியை நிறுத்தும் வன்மையிற் பெரும்பகுதி முன் பிரேக்கினிடமே உள்ளது. அதனைத் திடீரெனப் பற்றாமல், முதலில் மெல்லவும் பாரம் முன்னே சாய்ந்தபின் வலுவாகவும் அழுத்துதல் வேண்டும். பின் பிரேக்கு அதற்குத் துணை நிற்கும். திருப்பத்தில் வண்டி சாய்ந்திருக்கும்போதும், மணல் படிந்த இடத்திலும், ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சாலையிலும் கடுமையாகப் பிடிக்கலாகாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை.

இனி, பிரேக்கைப் பேணும் வகையைக் கூறுவோம். டிரம் பிரேக்கில் ஷூ தேய்ந்தாலும் கேபிள் தளர்ந்தாலும் பிடிப்புக் குறையும். டிஸ்க் பிரேக்கிலுள்ள எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாக, பிடி வலுவிழந்து உள்ளே அமிழ்ந்துவிடும். ஆதலால் இரண்டாண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நலம். நம் ஊரின் உப்புக்காற்று, பேடைத் தாங்கும் பகுதிகளைத் துருப்பிடித்து இறுகச் செய்யும். அவற்றை மெக்கானிக்கைக் கொண்டு அடிக்கடி சுத்தம் செய்வித்தல் வேண்டும். டயர் தேய்ந்திருப்பின் எத்துணை உயர்ந்த பிரேக்கும் பயன்படாது.

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1950களில் உருவாகத் தொடங்கிய புல்லட் வண்டிகள் நெடுங்காலம் டிரம் பிரேக்குகளையே கொண்டிருந்தன. 1969இல் ஜப்பானிய ஹோண்டா நிறுவனத்தார் தம் 750 வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கை அமைத்தனர். சக்கரம் சுழலாது இறுகி வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பை 1988இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் மோட்டார் சைக்கிளிற் புகுத்தினர். இந்தியாவில் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புது வகை வண்டிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், முன்னரே விற்பனையிலிருந்த வகைகளுக்கு 2019 ஏப்ரல் முதலும் இது கட்டாயமாயிற்று. எனினும், டயருக்கும் சாலைக்கும் இடையில் இல்லாத பிடிப்பை எக்கருவியும் உண்டாக்கித் தர இயலாது.

ஆகவே மாணவ நண்பர்களே! விலையுயர்ந்த உறுப்புகளை நாடுமுன், உள்ள பிரேக்கைச் செம்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லா மைதானத்தில் இரு பிரேக்குகளையும் ஒருங்கே பிடிக்கப் பழகுங்கள். அப்பழக்கம் நும் உயிரை மட்டுமன்றி, வீதியைக் கடக்கும் குழந்தையின் உயிரையும் காக்கும்.