தடைக்குத் தடை

செங்கற்பட்டுச் சீமை ஏரிகள் நிறைந்தது. மதுராந்தகம் ஏரி போன்ற நீர்நிலைகளைக் கண்டவர் ஓர் உண்மையை அறிவர். நீரைத் தேக்கினால் மட்டும் போதாது. உரிய இடத்தில் மறிக்கவும், உரிய வேளையில் விடவும் வேண்டும். நமது பெருமூளையின் புறணியும் இம்முறையிலேயே இயங்குகிறது.

புறணியின் நரம்பணுக்களில் ஏறத்தாழ 100க்கு 80 தூண்டும் அணுக்கள். எஞ்சியவை தடுக்கும் அணுக்கள். தடுப்பவை யாவும் ஒரே இனமல்ல. அவற்றுள் முதன்மையான மூன்று வகைகளை, அவை கொண்டுள்ள வேதிப்பொருளால் இனங்காண்கின்றனர். பார்வால்புமின் உடைய அணு, தூண்டும் அணுவின் உடற்பகுதியை விரைந்து தடுக்கிறது. இது மதகை அடைப்பதற்கு ஒப்பாகும். சொமாட்டோஸ்டாட்டின் உடைய அணு, செய்தி வந்து சேரும் கிளைகளைத் தடுக்கிறது; இது வரத்துக்காலை அடைப்பது போன்றது. வி.ஐ.பி. என்னும் பொருளுடைய மூன்றாம் வகையோ, பெரும்பாலும் இரண்டாம் வகையையே தடுக்கிறது. தடுப்பவரைத் தடுத்தால் விளைவது விடுதலையன்றோ? சுண்டெலியின் மூளையில் இவ்வாறு நிகழ்வதை 2013-ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர்.

இவ்வகைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்றை மாற்றினால் என்ன நேரும் என்பதை ஊகத்தால் சொல்ல இயலாது. அங்கே கணிதம் துணைக்கு வருகிறது. 1972-இல் ஹியூ வில்சன், ஜாக் கோவன் இருவரும் தூண்டும் கூட்டத்திற்கும் தடுக்கும் கூட்டத்திற்கும் சமன்பாடுகள் வகுத்தனர். 1997-இல் மிஷா சோடிக்சும் அவருடைய துணைவரும் இத்தகைய கணக்கிலிருந்து வியப்பான முடிவொன்றைக் கண்டனர். தூண்டும் அணுக்கள் ஒன்றையொன்று வலுவாகத் தூண்டும் சுற்றில், தடுக்கும் அணுக்களுக்கு வெளியிலிருந்து ஊக்கம் கொடுத்தால், இறுதியில் அவற்றின் செயலே குறையக்கூடும்! ஊக்கம் பெற்றவை முதலில் எழுந்து தூண்டுவோரை அடக்குகின்றன. ஆனால் தடுப்போருக்கு வலிமை வருவதும் அத்தூண்டுவோரிடமிருந்தே. ஆகவே பெற்றதைக் காட்டிலும் இழந்தது மிகுதியாகிறது. தூண்டும் வகையையும் சேர்த்து நான்கு வகைகளைக் கொண்டாலோ, கணக்கிட வேண்டிய இணைப்புகள் 16 ஆகின்றன.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. டிராவே நோய் என்பது குழந்தையின் முதலாண்டிலேயே தொடங்கும் கொடிய வலிப்பு. அந்நோய்க்குரிய மரபணுக் குறையுள்ள சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, சோடியம் மின்னோட்டம் குன்றியிருந்தது தடுக்கும் அணுக்களிலேதான் என்பது 2006-இல் தெரியவந்தது. வேறு சில வலிப்புகளை அடக்கும் கார்பமாசெபின் என்ற மருந்து, சோடியம் வாயில்களை அடைப்பது. டிராவே நோயிலோ அதுவே துன்பத்தை மிகுவிக்கக்கூடும். முன்பே சோர்ந்த காவலரை அது மேலும் சோர்வடையச் செய்கிறது என்று கருதுகின்றனர்.

பழைய மாமல்லபுரம் சாலை தொடங்கும் இடத்திற்கு அருகே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2022-இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தோன்றியது. கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுத் துண்டுகளைப் படமாக்கிய ‘தரணி’ என்னும் தொகுப்பை அது 2024-இல் வெளியிட்டது. தடுக்கும் அணுக்களில் பெரும்பாலானவை புறணிக்கு வெளியே பிறந்து, கருக்காலத்தில் அங்கே குடியேறுபவை. ஆதலின் இத்தகைய படங்கள் பெரிதும் வேண்டப்படுகின்றன. எந்த அணு எங்கே உள்ளது என்பதைப் படம் சொல்லும். அவை கூடி என்ன செய்யும் என்பதைச் சமன்பாடே சொல்லும். இரண்டையும் கற்றவரே இத்துறைக்கு வேண்டியவர். மாணவ நண்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.