புலால் உணவும் நுரையீரல் புற்றுநோயும்: புகை சூழ்ந்த ஒரு வழக்கு

சுவாசத்தோடு உள்ளே புகும் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதை ஒப்புக்கொள்ள எவருக்கும் பிரயாசை தேவையில்லை. ஆனால் வாய் வழியே வயிற்றுக்குச் செல்லும் மாம்சம் நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்குமா என்று கேட்டால், கேள்வியே சற்று விசித்திரமாகத்தான் படும். அவ்வாறிருந்தும் அதை அலட்சியம் செய்ய இயலாதபடி ஆக்கியது, 2007-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி.

அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிலையத்தார், முதியோர் சங்கம் ஒன்றின் அங்கத்தினர்களில் 50 வயது முதல் 71 வயது வரை உள்ளவர்களுக்கு 1995-ஆம் ஆண்டு தொடங்கி வினாத்தாள் அனுப்பி, எதை எவ்வளவு உண்கிறார்கள் என்று விசாரித்தறிந்து, ஏறத்தாழ 5 லட்சம் பேரின் தேக நிலையைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தனர். மாடு, பன்றி, செம்மறி முதலியவற்றின் சிவப்பு இறைச்சியை உண்ணும் அளவைக்கொண்டு அவர்களை ஐந்து பிரிவாக்கி, மிக அதிகமாக உண்டவர்களை மிகக் குறைவாக உண்டவர்களோடு ஒப்பிட்டபோது, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயின் அபாயம் முன்னவர்களுக்கு 24 சதவீதம் கூடுதலாக இருந்தது. உண்ட உணவு கடந்து செல்லும் குடலில் அவ்வாறு நேர்வதில் அதிசயம் இல்லை. அதே மனிதர்களுக்கு நுரையீரல் புற்றுநோயின் அபாயமும் 20 சதவீதம் கூடியிருந்தது என்பதே வியப்பு. பதப்படுத்திய இறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 16 சதவீதம்.

இருபது சதவீதம் என்றவுடன், புலால் உண்ணும் நூறு பேரில் இருபது பேர் நோயாளிகளாவார்கள் என்று நினைத்துக் கலங்குவோர் உண்டு. அது பொருளன்று. ஆயிரம் பேரில் 10 பேருக்கு வரக்கூடிய நோய் 12 பேருக்கு வரும் என்பதே அதன் தாத்பரியம். அந்த இரண்டு பேருங்கூட மாம்சத்தினால்தான் நோயுற்றார்களா என்பதே விவகாரம்.

இங்கேதான் நம் பழைய தார்க்கிகர்களை நினைவுகூர வேண்டியிருக்கிறது. மலையிற் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிக்கலாம் என்று சொன்ன அவர்கள், நெருப்பைக் கண்டு புகையை அனுமானிக்கலாகாது என்றும் எச்சரித்தார்கள். ஏனெனில் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகையைக் கிளப்புவது நெருப்போடு சேர்ந்த ஈர விறகு. இவ்வாறு நடுவில் மறைந்து நின்று, இல்லாத நியதியை இருப்பதுபோற் காட்டும் மூன்றாம் பொருளுக்கு உபாதி என்று பெயரிட்டார்கள். அமெரிக்க ஆராய்ச்சியில் அந்த ஈர விறகு புகையிலை. மாம்சம் அதிகம் உண்ட பிரிவினரிடம் சிகரெட் பழக்கமும் அதிகம், உடற்பருமன் அதிகம், பழமும் காய்கறியும் குறைவு. ஆராய்ச்சியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். சிகரெட்டின் விளைவைக் கணக்கிலிருந்து கழித்த பிறகே 20 சதவீதம் என்று சொன்னார்கள். ஆயினும் சிகரெட் பிடிப்பவருக்கு இந்நோயின் அபாயம் பிடிக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு என்று மதிப்பிடப்படுகிறது. அவ்வளவு பெரிய தொகையைக் கழிக்கும்போது கையில் சிறிது பிசகினாலும், மிச்சமாக நிற்பது ஒரு 20 சதவீதமாக இருக்கலாம்.

ஆகையால், ஆயுளில் ஒருபோதும் புகைபிடிக்காதவர்களைத் தனியே ஆராய்வதே வழி. அதே அமெரிக்க ஜனத்தொகையை 2009-இல் மறுபடி ஆராய்ந்தபோது, புகைபிடிக்காதவர்களிடமும் அபாயம் சற்றே கூடுவதுபோல் தோன்றியது. ஆனால் தற்செயலன்று என்று சொல்லக்கூடிய உறுதி அதற்கு இல்லை. அதே ஆண்டில் இத்தாலியின் லொம்பார்டி பிரதேசத்திலிருந்து வந்த ஆராய்ச்சியோ, சுமார் 2,100 நோயாளிகளையும் ஏறக்குறைய அதே அளவு நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, சிவப்பு இறைச்சியோடு உள்ள சம்பந்தம் புகைபிடிக்காதவர்களிடமே மிக வலுவாக இருக்கிறது என்றது. இவ்விரண்டில் அமெரிக்கச் சாட்சியத்துக்கே நான் அதிக மதிப்பளிப்பேன். அங்கே நோய் வருவதற்கு முன்பே ஆகாரத்தைப் பற்றிக் கேட்டார்கள், இத்தாலியில் வந்த பின்பு கேட்டார்கள். வியாதியஸ்தரின் ஞாபகம் நடுநிலையான சாட்சியன்று.

உணவுக்கும் நுரையீரலுக்கும் உள்ள உறவை அவசரமாக முடிவுகட்டிய ஒரு சந்தர்ப்பம் முன்பே உண்டு. பழமும் காய்கறியும் மிகுதியாக உண்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதால், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டீன் என்ற சத்தே காரணம் என்று அனுமானித்து, ஃபின்லாந்து தேசத்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக்கொண்டு பரீட்சை நடத்தினார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தது: பீட்டா கரோட்டீன் மாத்திரை உண்டவர்களுக்கு நோய் 18 சதவீதம் அதிகரித்திருந்தது.

இவற்றையெல்லாம் சொல்வதால் மாம்சத்தின்மீது குற்றமே இல்லையென்று தீர்ப்பளித்துவிட்டதாகாது. 1970-களில் டோக்கியோ நகரின் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த தகாஷி சுகிமுரா என்ற விஞ்ஞானி, மீன் சுடும்போது எழும் புகையையும், சுட்ட மீன், இறைச்சி ஆகியவற்றின் கருகிய மேற்பரப்பையும் பாக்டீரியாக்களைக்கொண்டு சோதித்து, பரம்பரை அணுக்களில் மாறுதலை உண்டாக்கும் வஸ்துக்கள் அவற்றில் இருப்பதைக் கண்டார். தசையிலுள்ள கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் கடுஞ்சூட்டில் கூடி உண்டாக்கும் ஹெட்டிரோசைக்ளிக் அமைன்கள் அவ்வினத்தவை. எலிகளுக்கு அவற்றை மிகுதியாக ஊட்டியபோது புற்றுநோய் கண்டது. நீரில் வேகவைத்த இறைச்சியில் இவை சொற்பம்; தணலில் வாட்டியதிலும் வாணலியில் முறுக வறுத்ததிலும் அதிகம். இறைச்சியின் கொழுப்பு உருகித் தணலில் விழுந்து கிளம்பும் புகையிலோ பென்சோபைரீன் உண்டு. சிகரெட் புகையில் உள்ளதும் அதுவே.

உண்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், சமைப்பவரையும் விசாரிக்க வேண்டாமா? சிங்கப்பூரில் அவ்வாறு விசாரித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் கண்ட சீனப் பெண்கள் 303 பேரையும், வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த 765 பேரையும் ஒப்பிட்ட அந்த ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புகைபிடிக்கும் பெண்களில், நாள்தோறும் வாணலியில் இறைச்சி வதக்கியவர்களுக்கு அபாயம் 2.7 மடங்காக இருந்தது. நாள்தோறும் வதக்கியும் இறைச்சியை அதைவிடக் குறைவாகச் சமைத்தவர்களுக்கு அபாயம் கூடவில்லை. நாள்தோறும் இறைச்சி வதக்கியவர்களுள், அடுக்களை எண்ணெய்ப் புகையால் நிரம்பியது என்று சொன்னவர்களுக்கோ அது 3.7 மடங்கு. சிகரெட் இங்கும் உடன் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. ஆயினும் இறைச்சி நுரையீரலை அடைவதற்கு வயிற்றைவிடக் கிட்டிய ஒரு மார்க்கம் இருப்பதை இந்த ஆராய்ச்சி சுட்டுகிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-இல் 22 நிபுணர்களைக் கூட்டி, பதப்படுத்திய இறைச்சியை ஐயமற்ற புற்றுநோய்க் காரணிகளின் வரிசையிலும், சிவப்பு இறைச்சியைப் பெரும்பாலும் காரணியாக இருக்கக்கூடியவற்றின் வரிசையிலும் சேர்த்தது. குடலின் பொருட்டே அந்தத் தீர்ப்பு. நுரையீரலின் பொருட்டு அன்று. கடுஞ்சூட்டில் எண்ணெயில் வறுக்கும்போது எழும் புகையையும் அதே நிறுவனம் அந்த இரண்டாம் வரிசையில் முன்னரே வைத்திருந்தது. புகையை வெளியேற்றினால் என்ன நேரும் என்பதற்குச் சீனத்தின் யுன்னான் மாகாணத்துச் சுவான்வெய் பகுதியில் ஓர் அத்தாட்சி கிடைத்திருக்கிறது. அங்கே கிளம்பியது நிலக்கரிப் புகையேயன்றி இறைச்சிப் புகையன்று. ஆயினும் புகைபோக்கியற்ற அடுப்புகளுக்குப் புகைபோக்கி வைத்த பிறகு, 21,232 குடியானவர்களை ஆராய்ந்ததில், நுரையீரல் புற்றுநோய் ஆண்களிடம் 41 சதவீதமும் பெண்களிடம் 46 சதவீதமும் குறைந்திருந்தது.