வேஷம் போட்டால் போதுமா? கிளிங்கன் பேச வேண்டாமா?

ஸ்டார் ட்ரெக் தொடரையோ படங்களையோ பார்த்தவர்களுக்கு கிளிங்கன்களைத் தெரிந்திருக்கும். நெற்றியில் எலும்பு புடைத்து, நீண்ட முடியும் கோணல் பற்களுமாக, எந்நேரமும் சண்டைக்குத் தயாராக நிற்கும் வேற்றுக் கிரக வீரர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆண்டுதோறும் நடக்கும் ரசிகர் விழாக்களில் இந்தக் கிளிங்கன்களாக வேஷம் கட்டி வருபவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். இப்படிக் கதாபாத்திரம் போல உடை அணிந்து வருவதற்கு காஸ்ப்ளே என்று பெயர்.

வேஷம் கட்டுபவர்கள் பலர். ஆனால் அந்த வேஷத்துக்கு உரிய மொழியைப் பேசுபவர்கள் மிகச் சிலர். கிளிங்கன் என்பது படத்துக்காக வாய்க்கு வந்தபடி உளறிய பேச்சு அல்ல. இலக்கணமும் அகராதியும் உள்ள மொழி. பத்து கிளிங்கன்கள் வரிசையாக போட்டோவுக்கு நிற்கும்போது யாராவது அந்த மொழியில் ஒரு கேள்வி கேட்டால், ஒன்பது பேர் சிரித்துவிட்டு "கப்லா!" என்று கத்துவார்கள். வெற்றி என்று அர்த்தம். அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். பத்தாவது ஆளாக நிற்பது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும், இன்டர்நெட்டும், சாதாரண ஹெட்செட் மைக்கும் இருந்தால் போதும்.

மொழி வந்த கதை

வேஷமும் செயற்கை மொழியும் சேர்ந்து வருவது ரசிகர் விழாக்களுக்குப் புதிதல்ல. 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதர்கள் போல உடை தைத்து அணிந்து வந்தார்கள். தைத்தவர் டக்ளஸ். காஸ்ப்ளேயின் தொடக்கம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த இருவரும் எஸ்பரான்டோ என்ற செயற்கை மொழியின் ஆர்வலர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கிளிங்கன் முதன்முதலில் திரையில் கேட்டது 1979ல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில். இன்ஜினியர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் சில சொற்களை உருவாக்கிக் கொடுத்தார். அதை ஒரு முழு மொழியாக மாற்றியவர் மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியல் அறிஞர். கலிஃபோர்னியாவில் வழக்கொழிந்து போன முட்சுன் என்ற பழங்குடி மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர் இவர். 1984ல் வந்த மூன்றாவது படத்துக்காகக் கிளிங்கன் மொழியை அமைத்தார். படப்பிடிப்பில் நடிகர் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லி, அந்த ஷாட் ஓகே ஆகிவிட்டால், அதற்கேற்ப மொழியையே கொஞ்சம் திருத்திக் கொண்டாராம்! நம் புரோகிராமர்கள் தவறை "இதுவும் ஒரு வசதிதான்" என்று சொல்லிச் சமாளிப்பது ஞாபகம் வருகிறது.

1985ல் கிளிங்கன் அகராதி புத்தகமாக வந்தது. பிறகு ஆடியோ கேசட்கள் வந்தன. 1992ல் அமெரிக்காவில் கிளிங்கன் மொழிக் கழகம் தொடங்கப்பட்டது. 1996ல் ஸ்டார் ட்ரெக் கிளிங்கன் என்ற பெயரில் ஒரு சிடி-ராம் கேம் வந்தது. அதனுடன் ஒரு மொழிப் பயிற்சிக் கூடமும் இருந்தது. மைக்கில் நீங்கள் சொல்வதைக் கேட்டு, சரியா தவறா என்று கம்ப்யூட்டரே சொல்லும். அன்றைய விண்டோஸ் 95 காலத்தில் இது பெரிய விஷயம். இன்றைய கம்ப்யூட்டரில் அந்த சிடியை ஓட வைப்பது சுலபமல்ல. கவலை வேண்டாம், மாற்று வழிகள் இருக்கின்றன.

நமக்கு ஏன் சுலபம்?

ஆங்கிலம் பேசுபவர்கள் கிளிங்கன் கற்கத் தடுமாறும் பல இடங்களில் தமிழ் பேசுபவர்களுக்குச் சிக்கலே இல்லை. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதில் மெய்யொலிகள் 21, உயிரொலிகள் 5. ஆங்கில எழுத்துகளில் பெரிய டி போட்டு எழுதும் ஒலிக்கு நாக்கை மேலண்ணத்தில் மடித்துத் தொட வேண்டும். அமெரிக்கர்கள் இதற்குப் படம் போட்டு விளக்கம் படிக்கிறார்கள். நமக்கு "வண்டி" என்று சொல்லும்போது வரும் ட தான் அது. பெரிய எஸ் ஏறக்குறைய நம் ஷ. மொழியின் பெயரிலேயே ங வருகிறது. "த்லிஙன் ஹோல்" என்பதுதான் கிளிங்கன் மொழிக்கு அந்த மொழியில் பெயர். இங்கே ங-வுக்குப் பின் க் கிடையாது. வெறும் ங மட்டுமே. ஒன்றாம் வகுப்பில் க, ங, ச என்று சொல்லிப் படித்தவர்களுக்கு இது என்ன பெரிய வேலை?

சிரமமானவை வேறு. "த்ல்" என்று நான் எழுதியிருப்பது ஒரே ஒலி. நாக்கின் நுனியை த் சொல்வது போல வைத்துக் கொண்டு, காற்றை நாக்கின் இரு பக்கங்களிலும் வேகமாக வெளியே விட வேண்டும். மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் இதைப் போன்ற ஒலி உண்டு. சின்ன க்யூ என்பது தொண்டைக்கு மிக அருகில், உள்நாக்குப் பக்கம் பிறக்கும் க். பெரிய க்யூ அதையே காறிச் சொல்வது. ஹோல் என்பதன் முதல் ஒலியும் நாம் சொல்லும் ஹ போல மென்மையாக இருக்காது, கரகரப்பாக வரும். மேல் கமா ஒரு எழுத்து. அந்த இடத்தில் தொண்டையை ஒரு கணம் மூடித் திறக்க வேண்டும்.

வாக்கிய அமைப்புக்கு வருவோம். "கிளிங்கன் மொழி பேசுவாயா?" என்பதைக் கிளிங்கனில் "த்லிஙன் ஹோல் டஜத்ல்'ஆ" என்பார்கள். த்லிஙன் என்றால் கிளிங்கன், ஹோல் என்றால் மொழி, ஜத்ல் என்றால் பேசு. முன்னால் உள்ள ட "நீ அதை" என்பதைக் குறிக்கும் முன்னொட்டு. கடைசியில் உள்ள ஆ கேள்வி. "பேசுவாய்" என்பதோடு ஆ சேர்த்துக் கேள்வியாக்குகிறோமே, அதே இடத்தில் அதே ஒலி! இது தற்செயல்தான், இரண்டு மொழிகளுக்கும் உறவு இல்லை. ஆனால் தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே கிளிங்கன் வாக்கியம் கிடைத்துவிடுகிறது.

எழுவாய் தனியாக வரும்போதுதான் வித்தியாசம். அது கடைசிக்குப் போய்விடும். "குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி" என்பது போல. "விழாவைத் தொடங்கி வைத்தார் அமைச்சர்" என்று நம் செய்தித்தாள்கள் தலைப்பு போடுவதில்லையா? அதுதான் கிளிங்கனின் இயல்பான வரிசை. நமக்கு ஐ என்ற வேற்றுமை உருபு இருப்பதால் வரிசை மாறினாலும் யார் யாரைப் பார்த்தார்கள் என்று புரிந்துவிடும். கிளிங்கனில் அந்த உருபு இல்லை. வரிசை மாறினால் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறிவிடுவார்கள்.

பல் வைத்தபின் பேசிப் பாருங்கள்

வேஷத்தில் நெற்றியும் விக்கும் பேச்சைக் கெடுப்பதில்லை. லேட்டக்ஸ் ரப்பரில் செய்த நெற்றியைத் தோலுக்கான பசையால் ஒட்டிக் கொள்கிறார்கள். வியர்வைதான் தொந்தரவு. விக் காதை மறைப்பதால் எதிரில் இருப்பவர் பேசுவது சரியாகக் கேட்காது. பேச்சுக்கு உண்மையான எதிரி பொய்ப்பல்தான்.

பற்களின் மேல் இன்னொரு வரிசைப் பற்களை மாட்டும்போது உதடுகள் முழுவதும் மூடாது. ப, ம போன்றவை குழறும். மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டிய வ ஒலி காணாமல் போகும். ச, ஜ, த்ல் எல்லாவற்றிலும் காற்று தப்பான வழியில் சீறும். தொண்டையில் பிறக்கும் ஒலிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. 2017ல் வெளிவந்த ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரி தொடரில் கிளிங்கன்களாக நடித்தவர்கள் கனமான முகப்பூச்சும் பல்லும் அணிந்து நீளநீளமாகக் கிளிங்கன் பேசினார்கள். ராபின் ஸ்டூவர்ட் என்பவர் வசனங்களை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். மொழி சரியாகவே இருந்தது. ஆனால் வாயில் எதையோ அடக்கிக் கொண்டு பேசுவது போல இருக்கிறது என்று பார்வையாளர்கள் பலர் குறைப்பட்டுக் கொண்டார்கள். சம்பளம் வாங்கிப் பயிற்சி எடுத்த நடிகர்களுக்கே அந்த நிலை.

பிராஜெக்ட் வேலையாக அமெரிக்காவில் இருந்தபோது ஒரு வார இறுதி விழாவுக்கு நானும் கிளிங்கன் உடையில் போனேன். மதியம் காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் முழு வேஷத்தில் இருந்தார். திரும்பிப் பார்த்து, "த்லிஙன் ஹோல் டஜத்ல்'ஆ?" என்றார். "லோக் விஜத்ல்" என்றேன். கொஞ்சம் பேசுவேன் என்று அர்த்தம். அவ்வளவுதான், மனிதர் பிடித்துக் கொண்டார். அடுத்து அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. "கித் யிஜத்ல்", அதாவது மெதுவாகப் பேசு, என்றதும் நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார். நான் எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். வயதில் மூத்தவரை நீ என்று பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. கிளிங்கனில் ஒருவரை அழைக்க நீ மட்டுந்தான், நீங்கள் இல்லை. வினையோடு "நெஷ்" என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்கலாம். நான் அதைச் சேர்த்ததும் அவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். சாதாரணமாக யாரும் அதைப் பயன்படுத்துவதில்லையாம்.

அவர் பேச்சு மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக இருந்தது? அவர் மேல்வரிசைப் பல் மட்டும்தான் வைத்திருந்தார், அதுவும் முன்பற்கள் நான்குக்கு மட்டும். போட்டோவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வாங்குவதானால் அந்த மாதிரி வாங்குங்கள்.

மொழி யாருக்குச் சொந்தம்?

பாரமவுண்ட், சி.பி.எஸ். நிறுவனங்கள் ஆக்ஸனார் என்ற ரசிகர் படத்தின் மீது 2015 டிசம்பரில் காப்புரிமை வழக்குப் போட்டன. தங்களிடமிருந்து எடுக்கப்பட்டவை என்று அவர்கள் கொடுத்த பட்டியலில் கிளிங்கன் மொழியும் இருந்தது. ஒரு அகராதிக்குக் காப்புரிமை இருக்கலாம், ஆட்கள் பேசும் மொழிக்கே இருக்க முடியுமா? மொழி உருவாக்குவோர் சங்கம் 2016ல் கோர்ட்டில் மனு போட்டு இந்தக் கேள்வியை எழுப்பியது. மனுவில் ஆங்காங்கே கிளிங்கன் வாக்கியங்களையும் சேர்த்திருந்தார்கள்! 2017 ஜனவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. மொழியைப் பற்றி கோர்ட் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. காபி வரிசையில் பேச யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு பக்கம் மொழியை விளம்பரமாகப் பயன்படுத்திக் கொண்டு, இன்னொரு பக்கம் பேசுபவர்களிடம் உரிமை கேட்பது நியாயமாகப் படவில்லை.

கம்ப்யூட்டரில் பயிற்சி

இலவசமாகத் தொடங்க டுவோலிங்கோவில் 2018 முதல் கிளிங்கன் பாடம் இருக்கிறது. ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க வேண்டும். சொற்களுக்கு "போக்வி" என்ற அகராதி ஆப்பை மொபைலில் இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் மொழிபெயர்ப்பு வசதியில் 2013 முதலே கிளிங்கன் உண்டு. ஆனால் அது தரும் வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்து விழாவில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒட்டையும் அகராதியில் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

உச்சரிப்புக்கு விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரே போதும். ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் இருந்தால் இன்னும் நல்லது. இன்டர்நெட்டில் கிடைக்கும் ஒரு வாக்கியத்தின் ஒலியை ஒரு டிராக்கிலும், உங்கள் குரலை அதற்குக் கீழே இன்னொரு டிராக்கிலும் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். முதலில் பல் இல்லாமல் பத்து தடவை, பிறகு பல்லுடன் பத்து தடவை பதிவு செய்யுங்கள். எந்த ஒலி கெடுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். அந்த ஒலி அதிகம் வராத வாக்கியங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் சரளமாக வந்தால் விழாவில் ஒரு நாள் ஓட்டிவிடலாம். "புரியவில்லை" என்பதற்கான "ஜியஜ்பெ'" அதில் கட்டாயம் இருக்கட்டும்.

வாக்கியங்களை வேர்டில் டைப் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளிங்கனில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு. சின்ன க்யூவில் தொடங்கும் "கஹ்" என்றால் ஐயா. பெரிய க்யூவில் தொடங்கினால் உதவு. வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு தானாகவே பெரிதாக்கிவிடும், உங்கள் "ஐயா" காணாமல் போய்விடுவார். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

திரையில் காணும் கூர்மையான கிளிங்கன் எழுத்துகளிலேயே எழுத ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். அவற்றை யூனிகோடில் சேர்க்க வந்த விண்ணப்பம் 2001ல் நிராகரிக்கப்பட்டது. மொழியைப் பயன்படுத்துபவர்களே பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பது முக்கியக் காரணம். ஆர்வலர்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அவற்றை வைத்து ஃபான்ட்கள் செய்திருக்கிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் கட்டங்களாகத் தெரியும். யூனிகோடுக்கு முன் தமிழ் ஃபைல்களை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு ஃபான்டையும் பின்னால் அனுப்பிக் கொண்டிருந்தோமே, அதே கதைதான். உடையில் தைக்கும் பெயர்ப் பட்டைக்கு அந்த ஃபான்ட் அழகாக இருக்கும். இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளும் குறிப்புச் சீட்டை மட்டும் ஆங்கில எழுத்திலேயே, 16 பாயின்ட் அளவில், பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். விக் மறைக்கும் அரை வெளிச்சத்தில் அதற்குக் குறைந்த அளவைப் படிக்க முடியாது.