ஊர்த் தண்ணியின் மகிமையா?

மூவார் கோப்பிக் கடைகளில் பசியாற உட்கார்ந்தால், 'இந்த ஊர்த் தண்ணி அப்படி!' என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். 1947-இல் இங்கே பிறந்த முகைதீன் யாசின் மலேசியாவின் எட்டாவது பிரதமரானார். 1983-இல் இங்கே பிறந்த நேம்வீ, மூவார்ச் சீனர்களின் பேச்சுவழக்கையே பாட்டாக்கிப் பெயர் வாங்கினார். பாராட்டெல்லாம் மூவார் ஆற்றுத் தண்ணிக்குப் போய்விடுகிறது. ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு, இது சரிதானா என்று பார்ப்போம்.

இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பெரிய ஆட்கள் கும்பலாகக் கிளம்பிய ஊர் வேண்டும். ஜப்பானின் தெற்கே ககோஷிமாவில் கஜியா என்றொரு சிறு பேட்டை. பெரும்பாலும் கீழ்நிலைச் சாமுராய்க் குடும்பங்கள். 1868-இல் பழைய ஆட்சியைக் கவிழ்த்தவர்களில் முதன்மையான சைகோ தகாமோரியும் ஓக்குபோ தொஷிமிச்சியும் அங்கே வளர்ந்தவர்கள். 1905-இல் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்த தளபதி தோகோவும் அதே பேட்டைக்காரர்தான். தண்ணியா காரணம்? அங்கே 'கோஜூ' என்றொரு ஏற்பாடு இருந்தது. தெருவின் பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குப் பாடம், வாள், ஒழுக்கம் மூன்றையும் சொல்லிக்கொடுப்பார்கள். சம்பள வாத்தியார் கிடையாது. நேற்றுக் கற்றவன் இன்று கற்பிப்பான்.

நம்மவர்களில் இதற்கு ஈடாக எனக்குத் தோன்றுவது செட்டிநாடு. மலாயாவின் ரப்பர் ஊர்கள் பலவற்றைப் போல மூவாரிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார்களின், அதாவது செட்டியார்களின், சொந்த மண். மழை குறைந்த வறண்ட பூமி. தண்ணியின் மகிமை என்று அங்கே யாரும் பேச வழியில்லை. ஆனாலும் பாருங்கள்: பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியார், 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன், சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன், கம்பன் கழகம் கண்ட சா. கணேசன், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே காரணம் சொல்ல வராது. கண்ணதாசனை எந்தக் கணக்குப் பயிற்சியும் உண்டாக்கவில்லை. ஆனால் வணிகர்கள் விஷயத்தில் காரணம் தெளிவு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழைவான். கூட்டுவது, கடிதம் கொண்டுபோவது, பெரியவர் எழுதும் பேரேட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. பிறகு அடுத்தாள். கணக்கில் கை சுத்தமென்று தெரிந்தால் மேலாள். பணக்காரர் வீட்டுப் பிள்ளையையும் வேறொருவர் கடையில் வேலை பழக விடுவார்கள். மேலாள் மூன்று வருடத் தவணையில் கடல் கடந்து போய், ஊர் திரும்பிக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். தப்பு செய்தவன் பெயர் நகரத்தார் ஊர்கள் முழுக்கப் பரவிவிடும். அடுத்த வேலை யார் தருவார்?

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து தள்ளவும் எனக்கு மனமில்லை. கஜியாவிலும் சரி, கடையிலும் சரி, பெண்பிள்ளைக்கு இடமில்லை. கடன் வாங்கித் தோட்டத்தை இழந்தவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, செட்டியார்களின் பெருஞ்சொத்து அங்கே மாட்டிக்கொண்டது. மிஞ்சிய பணமும் பழகிய கையும் வேறு தொழில்களுக்கும் கல்விக்கும் திரும்பின. மலாயாவில் ரப்பர் பார்த்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார், மின்வேதியியல் ஆய்வகத்துக்காகக் காரைக்குடியில் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார்.

அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்க, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

ஆகவே மூவார்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா வேலை பார்த்த கடையின் பேரேடோ கடிதக் கட்டோ வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். ஒரு பையன் எப்படி மேலாள் ஆனான் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.