இருளை அளக்கும் விளக்குகள்

இரவில் திருவரங்கத்திலிருந்து தெற்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் திருச்சி மலைக்கோட்டையின் விளக்கொளி தெரியும். ஒரு விளக்கின் உண்மையான ஒளித்திறனை அறிந்திருந்தால், அது எவ்வளவு மங்கித் தோன்றுகிறது என்பதைக் கொண்டே அதன் தொலைவைக் கணக்கிடலாம். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். பேரண்டத்தை அளப்பதற்கும் இவ்வெளிய முறை உதவுகிறது.

வானியலாளர்க்குக் கிடைத்த விளக்கு, ஒருவகைச் சூப்பர்நோவா. அதனை விளக்கும் கோட்பாட்டிற்குத் திருச்சியோடு உறவுண்டு. திருவரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவில் 1888இல் பிறந்தவர் சர் சி. வி. இராமன். அவருடைய தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணக்கிட்டார். சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கான அது 'சந்திரசேகர் எல்லை' எனப்படுகிறது. துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்து அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறு விண்மீன் வெடித்துச் சிதறலாம். இவ்வகை வெடிப்புகளின் ஒளித்திறன் பெரிதும் ஒத்திருப்பதால், அவை தொலைவை அறிவிக்கும் விளக்குகளாகின்றன.

1998இல் இரு ஆய்வுக்குழுக்கள், தொலைவிலுள்ள அவ்விளக்குகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதைக் கண்டன. ஈர்ப்பினால் வேகம் குறைந்திருக்க வேண்டிய பேரண்டம், மேலும் விரைந்து விரிந்துகொண்டிருந்தது. அதனை விரைவுபடுத்தும் காரணி 'இருண்ட ஆற்றல்' எனப் பெயர்பெற்றது. பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் அது ஏறத்தாழ 70 விழுக்காடு.

புலப்படாத ஒன்றை எவ்வாறு ஆராய்வது? அறிஞர்கள் அதற்கு மாதிரிகளை அமைக்கின்றனர். ஒரு மாதிரியில் இருண்ட ஆற்றலின் அடர்த்தி மாறாதது. மற்றொன்றில் காலந்தோறும் மாறுவது. விண்மீன் திரள்கள் எவ்வாறு பரவியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றும் முன்னுரைக்கிறது. தொடக்ககால ஒலியலைகளின் தடமாக, சுமார் 49 கோடி ஒளியாண்டு இடைவெளியில் அமைந்த திரள்கள் சற்று மிகுதியாக உள்ளன. அவ்விடைவெளியே அளவுகோல். அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள 'டெசி' என்னும் கருவி, 5000 ஒளியிழைகளால் திரள்களின் ஒளியைப் பகுத்து அவற்றின் வரைபடத்தை உருவாக்குகிறது. அதன் 2025ஆம் ஆண்டு முடிவுகளைப் பிற தரவுகளோடு இணைத்துப் பார்க்கையில், இருண்ட ஆற்றல் வலுக்குன்றி வரலாம் என்னும் குறிப்புக் கிடைக்கிறது. அஃது இன்னும் உறுதிப்படவில்லை. பேரண்டத்தின் எதிர்காலம் அவ்விடையைப் பொறுத்தது.

சந்திரசேகரின் கணக்கைப் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் 1935இல் மறுத்துரைத்தார். எனினும் அக்கணக்கு நிலைபெற்றது. 1983இல் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார். இன்றைய மாதிரிகளுக்கும் தீர்ப்பு வழங்கவிருப்பது, தொலைதூரத் திரள்களிலிருந்து வந்துசேரும் ஒளியே.