உழவர் குறிப்பேடு: கற்றதை எழுதுவோம், ஊருடன் பகிர்வோம்

கொடுக்கல் வாங்கல் கணக்கை எழுதி வைக்காத குடும்பம் நமது கிராமங்களில் அபூர்வம். பால் கணக்கு, கூலிக் கணக்கு, கடைப் பற்று, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் ஆகிய யாவும் எங்கேனும் ஒரு நோட்டில் ஏறிவிடுகின்றன. ஆனால் நிலத்தில் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட அறிவுக்கு நாம் கணக்கு வைப்பதில்லை. நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒரு விவசாயி மறையும்போது அவருடைய நிலம் பட்டாவுடன் மக்களைச் சேருகிறது. அவர் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவருடனேயே போய்விடுகிறது. அடுத்த தலைமுறை அதே நஷ்டங்களைப் பட்டு, அதே பாடங்களை மீண்டும் கற்கிறது. இந்த இழப்பைத் தடுப்பதற்கு ஒரு நோட்டும், நாள்தோறும் பத்து நிமிஷமும் போதும்.

எழுத்தால் விளைந்த நன்மை

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு எழுத்தின் பயனைக் கூற வெளியூர் உதாரணம் தேவையில்லை. மேற்கே ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. 1808இல் இதனை ஆராய்ந்த கால்டுவெல் என்னும் பொறியாளர், இது நடவாத காரியம் என்று அறிக்கை எழுதினார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய வேலை நின்றுபோயிற்று. 1867இல் ரைவ்ஸ் வேறொரு திட்டம் தந்தார். 1882இல் பென்னிகுவிக் புதிய திட்டம் வகுக்க முனைந்தபோது, முன்னோர் எழுதி வைத்த அளவுகளும் தோல்விகளும் ஏட்டில் இருந்தன. 1887இல் தொடங்கிய அணை வேலை 1895இல் முடிந்தது. அவ்வேலையில் பங்குகொண்ட மெக்கன்சி, பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை 1899இல் நூலாகவே வெளியிட்டார். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இன்று அந்நீரால் விளைகிறது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்வதற்கு எழுத்தே பாலமாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எவற்றை எழுதுவது?

முதலாவதாக மழை. கூடலூரில் பெய்யும் சாரல் ஆண்டிபட்டியை எட்டாமற் போவதுண்டு. ஆகையால் ஒவ்வோர் ஊருக்கும் தனிக் கணக்கு வேண்டும். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் மழை எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரியும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் நீர். இது கையில் இருந்தால் அடுத்த பாசனம் எப்போது என்று ஊகத்தால் தீர்மானிக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாகப் பயிர். விதை வாங்கிய இடம், விதைத்த தேதி, இட்ட உரம், பாய்ச்சிய தண்ணீர், கூலி, மகசூல், விற்ற விலை ஆகியவற்றை அன்றன்றே குறிக்க வேண்டும்.

பன்னீர் திராட்சை பயிரிடுவோருக்கு இது மிகவும் அவசியம். நமது பள்ளத்தாக்கில் வெவ்வேறு மாதங்களில் கவாத்து செய்து ஆண்டு முழுவதும் பழம் எடுக்க முடிகிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் கவாத்து செய்த மாதத்தைப் பொறுத்துப் பூக்கும் காலத்து வெயிலும் மழையும் மாறுகின்றன. கொடியில் எத்தனை மொட்டு விட்டுக் கவாத்து செய்தோம், பூத்தபோது மழை பிடித்ததா, அடிச்சாம்பல் நோய் என்றைக்குக் கண்டது, எத்தனை முறை மருந்து தெளித்தோம் என்பவற்றை மூன்று ஆண்டுகள் எழுதியவருக்கு, எந்த மாதத்துக் கவாத்து தமது தோட்டத்திற்கு ஏற்றது என்பது தானே விளங்கும். மருந்தின் பெயரும் அளவும் தெளித்த தேதியும் குறித்திருந்தால், தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களைத் தவறாமல் காக்கலாம். வீண் தெளிப்பால் பெருகும் கடனையும் குறைக்கலாம்.

சோதனை செய்து எழுதுதல்

புதிய உரமோ மருந்தோ வாங்கினால் அதனைத் தோட்டம் முழுவதும் இட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. மகசூல் கூடினால் அது மருந்தால் கூடியதா, மழையால் கூடியதா என்று கூற இயலாது. ஆகையால் இரண்டு வரிசையை மட்டும் பழைய முறையிலேயே விட்டு வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டு பகுதியின் விளைச்சலையும் தனித்தனியே எடை போட்டு எழுதினால் உண்மை வெளிப்படும். பலன் கிட்டாத சோதனையையும் அவசியம் எழுத வேண்டும். ஒருவர் நஷ்டப்பட்ட வழியை அறிந்தால் பத்துப் பேர் அதே செலவிலிருந்து தப்புவார்கள்.

பகிர்வதால் குறைவு வருமா?

நமது நுணுக்கத்தை வெளியே சொன்னால் நமக்கு என்ன மிஞ்சும் என்று சிலர் தயங்குகின்றனர். இது இயல்பான அச்சமே. ஆனால் நோய்க்கு வரப்பு இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் பரவும் சாம்பல் நோய் நாளை நமது பந்தலுக்கும் வரும். அதனைத் தடுக்கும் வழியை அண்டை வீட்டார் அறிந்திருப்பது நமக்கும் காப்பாகும்.

அகமதாபாத்தில் பேராசிரியர் அனில் குப்தா 1990இல் தொடங்கிய 'தேனீ' என்னும் செய்தி ஏடு இவ்வகையில் நல்வழி காட்டியது. தேனீ மலருக்குக் குறை வைக்காமல் தேன் எடுக்கிறது. ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவில் சேர்க்கவும் செய்கிறது. அதுபோல விவசாயிகளின் அறிவைத் திரட்டும்போது கண்டறிந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், அவரவர் தாய்மொழியிலேயே திருப்பித் தரவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. மதுரையில் சேவா நிறுவனம் இதே நோக்குடன் 'நம் வழி வேளாண்மை' என்னும் தமிழ் ஏட்டை வெளியிட்டது.

நமக்கு மேற்கே, கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி தமது தோட்டத்து ஏலச்செடிகளைக் கூர்ந்து கவனித்துச் சிறந்ததைத் தெரிந்தெடுத்தார். ஞள்ளானி என்று பெயர் பெற்ற அந்த இரகம் ஏலமலை முழுவதும் பரவியது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகமும் அதனால் பயன் பெற்றது. கவனித்தது ஒருவர், பலன் அடைந்தோர் பலர்.

பஞ்சாயத்தின் கடமை

கிராம சபை கூடும் நாட்களில் அரை மணி நேரத்தை விவசாயக் குறிப்புகள் வாசிப்பதற்கு ஒதுக்கலாம். ஊர் நூலகத்தில் பொதுக் குறிப்பேடு ஒன்றை வைத்து, எழுதுவோரின் பெயரையும் தேதியையும் பதிவு செய்யலாம். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். பழைய நெல் இரகங்கள், மலைமாடுகள், மூலிகைகள் ஆகியவை பற்றிய முதியோரின் அறிவு அதில் ஏறுதல் வேண்டும். ஒருவர் தமது அறிவைச் சொல்ல விரும்பவில்லையெனில் வற்புறுத்தலாகாது. சொன்னவரின் பெயரை மறைத்தலும் ஆகாது.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ, ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்திற்கோ, காமாட்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்திற்கோ செல்லும்போது குறிப்பேட்டை உடன் கொண்டுசெல்ல வேண்டும். "கொடி வாடுகிறது" என்று மட்டும் சொன்னால் நிபுணர் பத்துக் காரணங்களை யோசிக்க நேரிடும். தேதியும் அளவும் கண்டால் தக்க காரணத்தை விரைவில் காண்பார்.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வது? மகனோ மகளோ பேரக் குழந்தையோ எழுதட்டும். கைப்பேசியில் பேசிப் பதிவு செய்தாலும் நல்லதே. விதையைப் பூச்சி அணுகாமல் காக்கும் வழிகளையும் கால்நடை வைத்தியத்தையும் நன்கறிந்த பெண்மணிகளின் சொல்லும் பதிவாக வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்பணியை ஏற்கலாம்.

அடுத்த போகத்தின் நாற்றங்காலில் விதை விடும் நாளே முதல் பக்கத்திற்கு ஏற்ற நாள். தேதி, விதை, விலை என்னும் மூன்று வரிகளுடன் தொடங்குவோம். ஆண்டு முடிவில் நமது தோட்டம் நமக்கே புதிய பாடங்களைச் சொல்லும். அப்பாடங்கள் நமது ஊருக்கும் பொதுச் செல்வமாகும்.