தாயின் கையில் மீண்டும் புத்தகம்

பிரியமான சகோதரியே, பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்த நாட்களில் உங்கள் படிப்பை மூட்டைகட்டி வைத்துவிட்டீர்கள் அல்லவா? நர்ஸாக வேண்டும் என்றிருந்த ஆசை, பிள்ளைகள், வாடகை, கடன் என்னும் கவலைகளுக்கு அடியில் மறைந்துபோயிற்று. இப்பொழுது பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். அந்த ஆசையும் மறுபடியும் தலைதூக்குகிறது. "இந்த வயதில் படிப்பா?" என்று உறவினர் நகைக்கிறார்கள். நீங்களும் தயங்குகிறீர்கள்.

மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியை எண்ணிப் பாருங்கள். வழக்கறிஞரான கணவருடன் 1866-ல் சென்னைக்கு வந்தவர் அவர். ஆண் மருத்துவர்களை உள்ளே அனுமதிக்காத வீடுகளில், பிரசவ வேளையில் பெண்கள் தகுந்த சிகிச்சையின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்டு உள்ளம் கலங்கினார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களில் அவரும் ஒருவர். அப்பொழுது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. மூன்று பிள்ளைகளின் தாய். 1878-ல் அங்கே தேறி, லண்டனிலும் பயின்று 1882-ல் பட்டம் பெற்று, மறுஆண்டு சென்னைக்குத் திரும்பினார். பெண்களுக்காக 1885-ல் அவர் தொடங்கிய மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அவருடையது வசதியுள்ள குடும்பம். வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். லிங்கராஜபுரத்திலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒற்றை அறை வீட்டில் வாழும் உங்களுக்கு அந்தக் கைகள் எங்கே?

கணவராகிய சகோதரரே, இந்தக் கேள்வி உங்களுக்குரியது. நர்சிங் படிப்பு வகுப்பறையோடு முடிவதில்லை. வார்டில் இரவுப் பயிற்சியும் உண்டு. அந்த இரவில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது யார்? பாத்திரம் துலக்குவது யார்? "படித்துக்கொள்" என்று அனுமதி கொடுத்துவிட்டு, வேலை முழுவதையும் அவள் தோளிலேயே விடுவது உதவியாகாது. சபையாராகிய நாமும் அந்தப் பிள்ளைகளை ஒரு மாலைப்பொழுது நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

சகோதரியே, முடிவெடுப்பதில் காலம் தாழ்த்தாதிருங்கள். மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோவில் சேரப் பொதுவாக 35 வயதே உச்சவரம்பு. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். அதற்கு வயது உச்சவரம்பு இல்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கான நீட் தேர்விலும் 2022 முதல் வயது உச்சவரம்பு நீக்கப்பட்டுள்ளது. தரகரின் பேச்சை நம்பிப் பணம் கட்டாதிருங்கள். அந்தக் கல்லூரிக்குக் கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் நேரில் விசாரியுங்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. மூன்று ஆண்டுகளும் வீணாகும்.

காய்ச்சலில் துடித்த பிள்ளையின் அருகே விழித்திருந்த இரவுகள் உங்களுக்கு உண்டு. தமிழோடு கன்னடமும் உங்கள் நாவில் பழகிவிட்டது. நோயாளியின் படுக்கையருகே இவ்விரண்டும் பெரிதும் உதவும்.

இன்றிரவு உணவுக்குப்பின் குடும்பமாக அமருங்கள். யார் எந்த வேலையை ஏற்பது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை அதன்பின் நிரப்பலாம்.